தினச் சொற்புதிரை வைத்து நண்பர்களோடு கவி கட்டுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து தினமும் வேர்டில் விளையாடுகிறீர்கள், அதாவது எழுத்துகளின் நிறத்தைத் துப்பாக வைத்து ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்புக்குள் ஊகிக்கும் இணையப் புதிர். முடித்த பிறகு அன்றைய சொல்லை வைத்து ஆளுக்கொரு குட்டிக் கவிதை எழுதிப் பகிரத் தொடங்கினீர்கள், ஒரு வாரத்தில் அது பள்ளிக்கூடத்து ‘சொல்லை வைத்து வாக்கியம் அமைக்க’ மாதிரி ஆகிவிட்டது, அதோடு இன்னும் விளையாடாதவருக்கு விடையும் தெரிந்துவிடுகிறது. இதைச் சுவையாகச் செய்ய என்ன வழி, தமிழிலேயே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். திருகோணமலையில் நாங்கள் ஆறு பேர் மூன்று வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறோம். ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது ஒருவன் கிண்ணியாவில், ஒருத்தி தம்பலகாமத்தில் ரீச்சர், ஒருவன் கனடாவில், மிச்சப் பேர் உவர்மலையிலும் உப்புவெளியிலும். நாங்களும் உங்களைப் போலத்தான் தொடங்கினோம், உங்களைப் போலவே பத்து நாளில் சலித்தும் போனோம். அதை மாற்றியது ஒரே ஒரு விசயம்: விடையை வைத்து எழுதுவதை விட்டுவிட்டு, விடைக்குப் போய்ச் சேர்ந்த வழியை எழுதத் தொடங்கினோம். அதாவது நீங்கள் தவறாகப் போட்ட சொற்கள்தான் கவிதைக்குச் சாமான். முதல் சொல் முதல் வரியில், இரண்டாம் சொல் இரண்டாம் வரியில், கடைசி வரியில் விடை. வரிசையை மாற்றக் கூடாது.

இது வேர்டிலின் குணத்தோடும் ஒத்துப்போகிறது. ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்த விளையாட்டு அது. ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000 இருந்த பட்டியலை, சாதாரண ஆளுக்குத் தெரிந்த சொற்கள் எவை என்று பார்த்துப் பார்த்து 2,500 அளவுக்குக் குறைத்துக் கொடுத்தவர் அந்த அம்மா. 2021 ஒக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், நவம்பர் முதலாந் திகதி விளையாடியவர்கள் வெறும் 90 பேர், 2022 ஜனவரி தொடக்கத்தில் 3 இலட்சம் பேர், அந்த மாதம் முடிவதற்குள் நியூயோர்க் ரைம்ஸ் வாங்கிவிட்டது. இடையில் டிசம்பரில் சேர்த்த அந்தப் பச்சை மஞ்சள் கட்டங்களைப் பகிரும் வசதிதான் அதை ஊரெல்லாம் கொண்டுபோனது என்பது என் எண்ணம். அந்தக் கட்டங்கள் விடையைச் சொல்லாது, நீங்கள் எங்கே தடுமாறினீர்கள், எங்கே பிடித்தீர்கள் என்பதை மட்டும் காட்டும். நல்ல புதிர்க் கவியும் அதைத்தான் செய்ய வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். ஆங்கிலச் சொற்களை வைத்துத் தமிழ்க் கவிதை எழுதினால் ஒட்டவே ஒட்டாது, நாங்கள் முயன்று பார்த்துவிட்டோம். ஆகவே புதிரையே தமிழில் போடுங்கள். செயலி எதுவும் தேவையில்லை. முறை வைத்து ஒரு நாளைக்கு ஒருவர் சொல்லை மனதில் வைத்துக்கொள்வார், மற்றவர்கள் அவருக்குத் தனித்தனியாக அனுப்புவார்கள், அவர் நிறம் சொல்லித் திருப்பி அனுப்புவார். கையால் செய்வதில் ஒரு நன்மையும் உண்டு. கணினி ‘கூ’ என்பதைக் ககரம் ஒன்று, ஊகாரக் குறி ஒன்று என்று இரண்டாகத்தான் சேமித்து வைக்கிறது, கவனமாக எழுதாத செயலி எழுத்தெண்ணிக்கையில் பிழைவிடும். நமக்கு ‘கூ’ ஒரே எழுத்து, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் வரும். ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. நீங்கள் ‘கா’ போடுகிறீர்கள், விடையில் அந்த இடத்தில் ‘கூ’ இருக்கிறது. அது சரியா, பிழையா? பிழை என்று சாம்பல் கொடுத்தால் ஏழு முறை என்ன, எழுபது முறை போட்டாலும் கண்டுபிடிக்க ஏலாது. ஆகவே நாங்கள் நாலாவதாக ஒரு நிறம் வைத்தோம்: நீலம். இடம் சரி, மெய் சரி, உயிர் மட்டும் வேறு என்றால் நீலம். எழுத்து முழுதாகச் சரி என்றால் பச்சை, அதே எழுத்து வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், மற்றதெல்லாம் சாம்பல். மெய் ஒன்றாக இருந்து இடமும் உயிரும் இரண்டுமே மாறினால் கணக்கில் எடுப்பதில்லை, எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். வாய்ப்பு ஆறுக்குப் பதிலாக ஏழு. சொல் நாலு அல்லது ஐந்து எழுத்து. அகராதியில் தலைச்சொல்லாக வருவது மட்டும், வேற்றுமை உருபு ஏறியதோ ஆட்பெயரோ ஊர்ப்பெயரோ வேண்டாம். இவ்வளவுதான் சட்டம்.

ஒரு நாள் ஆட்டத்தை அப்படியே காட்டுகிறேன், ஐந்தெழுத்துச் சொல். நான் முதலில் ‘பட்டணம்’ போட்டேன். கடைசி ‘ம்’ மட்டும் பச்சை, மற்ற நாலும் சாம்பல். தமிழில் மகர மெய்யில் முடிகிற சொல் மிக அதிகம், அதனால் முதல் சொல்லாக ‘ம்’ முடிவு உள்ள ஒன்றைப் போடுவது எனக்குப் பழக்கம். இரண்டாவது ‘சங்கீதம்’. இதில் ‘ங்’ பச்சை, ‘கீ’ நீலம், ‘ம்’ பச்சை. உண்மையில் அந்த நீலம் வந்திருக்காவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் தமிழில் ‘ங்’ வந்தால் அடுத்தது ககர வரிசைதான், ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ போல ஒன்றிரண்டுதான் விலக்கு. மூன்றாவது ‘வெங்காயம்’. ‘வெ’ சாம்பல், ‘கா’ நீலம், ‘ய’ சாம்பல். ககரம்தான், ஆனால் கீ இல்லை, கா இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், உவர்மலையில் இருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும், கப்பல் ஒன்று நிற்கிறது. நாலாவது ‘நங்கூரம்’. ஐந்தும் பச்சை.

இப்போது அந்த நாலு சொல்லையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பட்டணம், சங்கீதம், வெங்காயம், நங்கூரம். முதல் சொல் தனியாக நிற்கிறது, பிறகு வந்த மூன்றுக்கும் இரண்டாம் எழுத்து ‘ங்’, முதல் எழுத்து குறில். இது எதுகை! நான் தேடி வைத்த எதுகை இல்லை, புதிரே கொண்டுவந்து தந்தது. பச்சை விழ விழ உங்கள் சொற்கள் ஒன்றையொன்று ஒத்துவரத் தொடங்குகின்றன, இரண்டாம் எழுத்து பச்சையாகிவிட்டால் அதற்குப் பிறகு வரும் வரியெல்லாம் எதுகையில்தான் விழும். ஆங்கிலத்தில் கடைசி நாலெழுத்தும் பச்சையாகி லைட், மைட், நைட், ஃபைட், சைட், டைட் என்று அடைபட்டுத் தோற்பவர்கள் இருக்கிறார்களே, அதுவும் இதுதான், அவர்களுக்கு ஓசை சொல்லின் வாலில் ஒன்றுகிறது, நமக்கு அடியின் தலையிலே ஒன்றுகிறது. நம்முடைய யாப்பு இந்த விளையாட்டுக்காகவே காத்திருந்தது போல எனக்குப் பட்டது. அன்றைக்கு அனுப்பிய கவி இது:

பட்டணம் போய்வந்தார் அத்தான் – அங்கே
சங்கீதம் கற்றாராம் சபையோரும் மெச்ச;
வெங்காயம் உரியுமென்றாள் அக்கா – பாட்டு
நங்கூரம் போட்டது நடுத்தொண்டைக் குள்ளே.

இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சொல் வைத்தவரைத் தவிர மற்ற நாலு பேரும் வேறு வேறு வழியாக ‘நங்கூரம்’ போய்ச் சேர்ந்திருந்தார்கள், ஒருத்தி ‘திருமணம்’ என்று தொடங்கியிருந்தாள், கவியும் கலியாண வீட்டில் தொடங்கியது. ஒரே விடை, ஐந்து கதை. வெறும் விடையை வைத்து எழுதியிருந்தால் ஐந்து பேரும் கப்பலையும் கடலையும் பற்றித்தான் எழுதியிருப்போம், நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

புதிரை அவிழ்க்க உதவும் இன்னும் சில விசயங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை, அப்போது மனப்பாடம் செய்து மறந்துவிட்டோம். நன்னூலின் எழுத்தியலில் மெய்ம்மயக்கம் என்று ஒரு பகுதி வருமே, அது இந்த விளையாட்டுக்கு அச்சொட்டான வழிகாட்டி. க், ச், த், ப் இந்த நாலு மெய்யும் தமிழ்ச் சொல்லுக்குள் வந்தால் அடுத்து அதே வரிசை எழுத்துத்தான் வரும். ஆகவே மூன்றாம் இடத்தில் ‘த்’ பச்சை என்றால் நாலாம் இடம் த, தா, தி என்று அந்த வரிசைக்குள் அடங்கிவிட்டது. ‘சப்பாத்து’ மாதிரிச் சொல்லில் இப்படி இரண்டு பூட்டு, இரண்டும் ஒரே சாவியில் திறக்கும். ‘சக்தி’, ‘பக்தி’ போல வடக்கே இருந்து வந்த சொற்கள் இதற்கு அடங்காது, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறாக ‘ர்’, ‘ழ்’ இரண்டும் தம்மோடு தாம் சேரவே சேராது. ‘ந்’ வந்தால் பெரும்பாலும் தகரம், ‘ஞ்’ வந்தால் சகரம். உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் நிற்கும், நடுவில் ‘அ’வையும் ‘இ’யையும் தேடி ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. இவ்வளவு தெரிந்தாலே 247 எழுத்தைப் பார்த்து வரும் பயம் போய்விடும். தம்பலகாமத்து ரீச்சர் இதைத் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறாள், மெய்ம்மயக்கம் என்ற பெயரைச் சொல்லாமலே பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம்.

அடுத்தது விடை வெளியே தெரிவது. வேர்டில் அவரவர் ஊர் நள்ளிரவில் மாறும். எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. நாங்கள் காலைத் தேநீரோடு அவிழ்க்கும்போது கனடாக்காரனுக்கு அந்தப் புதிர் இன்னும் பிறக்கவே இல்லை. தொடக்கத்தில் ஒருமுறை காலை ஆறரைக்கே விடைச் சொல்லோடு கவிதை வந்து விழுந்து, அவன் கோபித்துக்கொண்டு மூன்று நாள் வட்ஸ்அப் குழுவை விட்டே போய்விட்டான். அவன் கோபம் நியாயமானது, அவனுக்கு அன்றைய நாளில் எங்களோடு சேர்ந்து செய்ய இருந்தது அந்த ஒன்றுதான். அதன் பிறகு இரண்டு வகையாகப் பிரித்தோம். வழியைச் சொல்லும் நாலு வரிக் கவி அடுத்த நாள்தான் வெளியே வரும். அன்றைக்கே அனுப்ப ஆசைப்படுகிறவர் நொடியாக எழுத வேண்டும், விடுகதையைத்தான் சொல்கிறேன். சொல்லைச் சொல்லாமல் பொருளைச் சுற்றிவர வேண்டும், அவிழ்த்தவர் படித்தால் சிரிக்க வேண்டும், அவிழ்க்காதவர் படித்தால் ஒன்றும் விளங்கக் கூடாது. ‘சப்பாத்து’ வந்த அன்று ரீச்சர் எழுதியது:

இரட்டைப் பிள்ளைகள் இருவரும்
எங்கே போனாலும் ஒன்றாய்ப் போவர்;
கோணேசர் வாசல் வரைக்கும் வருவர்,
கும்பிட மட்டும் உள்ளே வரார்.

கோணேசர் கோயில் இருக்கும் எங்கள் ஊர்ச் சுவாமிமலை ஏறிப் போகும் யாருக்கும் இது சட்டென்று கண்ணில் நிற்கும். நல்ல நொடிக்கு இப்படி ஒரு உள்ளூர் இடம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, உங்கள் ஊர் எதுவோ அதன் பஸ் நிலையத்தையும் குளத்தையும் கடையையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

சொல்லைக் கொடுத்துவிட்டுப் பாடு பார்ப்போம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரிடம் ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடிக்கச் சொன்னதாகவும், அவர் செருக்களத்தில் புகுந்த வீரரை உழக்கும் முருகனில் தொடங்கி, வண்டே விளக்குமாறு என்று கேட்டு முடித்ததாகவும் எல்லோருக்கும் தெரியும். செரு என்றால் போர், விளக்குமாறு என்றால் விளக்கிச் சொல்லும்படி. சொல்லை வேறு இடத்தில் வெட்டினார், பொருள் மாறிவிட்டது. புதிர்க் கவி எழுதும்போது மாட்டிக்கொண்டால் முதலில் இதைச் செய்து பாருங்கள். வந்த சொல்லை இரண்டாக வெட்ட முடியுமா, அதற்கு இரண்டாவது பொருள் உண்டா?

இரண்டாவது பொருள் விசயத்தில் நம் ஊர்ப் பேச்சு பெரிய சொத்து. ஒரு நாள் சொல் ‘கச்சான்’. கிழக்கில் கச்சான் என்றால் வருட நடுப்பகுதியில் மேற்கே இருந்து அனலாக வீசும் காற்று, கடைக்குப் போனால் நிலக்கடலை. உப்புவெளி நண்பன் அன்றைக்கு இரண்டுக்கும் பொருந்தச் சிலேடை கட்டினான்:

மண்ணோடு கிளம்பிவரும், மாலையிலே கடற்கரையில்
எண்ணாமல் வாய்புகும்; இருந்தவரின் மடிநிறைக்கும்;
தண்ணீரைத் தேடவைக்கும்; தானாகத் தோலுரியும்;
கண்ணாநீ சொல்லிவிடு, கச்சானோ கச்சானோ?

மூன்று வருடத்தில் வந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒவ்வொரு துண்டையும் காற்றுக்கும் வைத்துப் பாருங்கள், கடலைக்கும் வைத்துப் பாருங்கள். தோலுரியும் என்பது கச்சான் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குத்தான் முழுதாக விளங்கும், உதடும் கன்னமும் வெடித்துப் போகும். இதை எழுத அவனுக்கு அரை மணித்தியாலம் ஆனதாம், டச்பே மணலில் கச்சான் வாங்கிக்கொண்டு இருந்து எழுதியிருக்கிறான்.

கிண்ணியாக்காரனுக்கு ஒருநாள் ‘பாலம்’ வந்தது. மூன்றெழுத்துத்தான், சட்டத்துக்கு வெளியே, ஆனால் அன்று சொல் வைத்தவர் பிடிவாதமாக நின்றார். கிண்ணியாவுக்குப் பாலம் திறந்தது 2009இல், அதற்கு முன் களப்பைக் கடக்க மிதவைப் படகு, அதை நாங்கள் சொல்வது ‘பாதை’ என்று. வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு மெல்லப் போகும். அவன் இரண்டே வரி எழுதினான்:

பாதைக்குக் காத்திருந்தோம் பாதை இல்லா நாளிலே;
பாலம்வந்து பாதைதந்து பாதையையே நிறுத்தியதே!

இதை வாசித்துவிட்டுக் கனடாக்காரன் எழுதினான், “மச்சான், அந்தப் பாதையில அம்மாவோட வந்தது ஞாபகம் வருதடா” என்று. விளையாட்டாகத் தொடங்கியதுதான், ஆனால் இப்படியும் நடக்கும், அதற்கு இடம் கொடுங்கள். அன்று யாரும் அடுத்த கவி போடவில்லை.

சொல் தெரிவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழுவில் தமிழ்நாட்டுக்காரர் இருந்தால் சண்டை வரும். நமக்குக் கதிரை, அவர்களுக்கு நாற்காலி. நமக்கு நுளம்பு, அவர்களுக்குக் கொசு. பாண், அலுமாரி, சப்பாத்து, வாங்கு இதெல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை, கந்தோர் ஒல்லாந்தர் தந்தது, கோட்டை கட்டி இருந்துவிட்டுப் போனவர்களின் சொல் நம் வீட்டு மேசையில் இன்னும் இருக்கிறது. இவற்றைப் புதிரில் வைக்கலாமா என்றால், வைக்க வேண்டும் என்பேன். எல்லோருக்கும் பொதுவான சொல்லாகத் தேடிப் போனால் பாடநூல் வாசனைதான் வரும். தெரியாத சொல் வந்தால் அன்றைக்குத் தெரிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதானே. கிரந்த எழுத்தை மட்டும் நாங்கள் விட்டுவிட்டோம், அது எங்கள் விருப்பம்.

கவியின் வடிவம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். வெண்பா தெரிந்தவர் வெண்பா எழுதட்டும், தெரியாதவருக்கு நாலு வரியும் அடியின் தொடக்கத்தில் புதிர்ச் சொல்லும் இருந்தால் போதும், எதுகையைப் புதிர் பார்த்துக்கொள்ளும். இரண்டாம் முயற்சியிலேயே விடை வந்துவிட்டால் இரண்டு வரி. ஏழும் தோற்றால் ஏழு வரி எழுதலாம், எங்கள் குழுவில் தோற்றவர்களின் ஏழு வரிக் கவிகள்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, சொல் அதிகம் கிடைக்கிறது அல்லவா. யார் கவி சிறந்தது என்று வாக்கெடுப்பு மட்டும் வைக்காதீர்கள். வைத்தோம், இரண்டு பேர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள், எடுத்துவிட்ட பிறகுதான் திரும்பி வந்தார்கள்.

தொடங்குவதற்கு உங்களுக்கு ஒன்று தருகிறேன், நாலெழுத்து. முதலில் ‘கடவுள்’ போட்டேன்: ‘க’ பச்சை, ‘ட’ சாம்பல், ‘வு’ நீலம், ‘ள்’ சாம்பல். இரண்டாவது ‘செவ்வாய்’: ‘செ’ சாம்பல், ‘வ்’ சாம்பல், ‘வா’ பச்சை, ‘ய்’ பச்சை. மூன்றாவதில் கண்டுபிடித்துவிட்டேன். அது கடலிலும் கிடைக்கும், மலையிலும் இருக்கும், கடலில் கிடைப்பதைக் கறி வைக்கலாம், மலையில் இருப்பதன் வழியாகப் பயணம் போகலாம். கடவுள், செவ்வாய், பிறகு அந்தச் சொல், இதே வரிசையில் மூன்று வரி எழுதி உங்கள் நண்பர்களுக்கு அனுப்புங்கள். விடையை நாளைக்குச் சொல்லுங்கள்.